ஜிம்மில் முதல் ஆறு மாதம்: தசையும் தசைநாணும் எதனால் கெடுகின்றன, எப்படிக் கண்டுகொள்வது

மதுரை ஜிம்களில் எது வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: "நரம்பு பிடிச்சிருச்சு." கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லையா, நரம்பு. பின்தொடையில் சுருக்கென்றதா, நரம்பு இழுத்துக்கிருச்சு. முட்டிக்குக் கீழே ஒரு மாதமாக நோகிறதா, அதுவும் நரம்புதான். இந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு உறுப்புகள் இருக்கின்றன. நான்கும் வெவ்வேறு காரணத்தால் கெடுகின்றன, ஆறுவதற்கு வெவ்வேறு காலம் எடுக்கின்றன. ஒன்றுக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால், இரண்டு வாரத்தில் ஆற வேண்டியது ஆறு மாதம் இழுக்கும். எனவே முதல் வேலை, இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுவது.

தசை என்பது சதை. சுருங்கி விரிந்து வேலை செய்வது அதுதான். ரத்த ஓட்டம் நிறைய உள்ளதால் காயம் பட்டால் ஓரளவு வேகமாக ஆறும். கிழிந்தால் பெரும்பாலும் அந்த நொடியே தெரிந்துவிடும்.

தசைநாண் என்பது சதையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. வில்லின் நாணைப் போலவே இறுகி நின்று இழுவிசையைக் கடத்துவதுதான் இதன் வேலை. குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள், கெட்டியாக ஒரு கயிறு கிடைக்கும். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து முழங்கையை மடக்கினால் மடிப்பின் நடுவே இன்னொன்று தட்டுப்படும். இதற்கு ரத்த ஓட்டம் குறைவு. மெதுவாகக் கெடும், அதைவிட மெதுவாக ஆறும்.

தசைநார் என்பது எலும்பை எலும்போடு பிணைப்பது. கணுக்கால் பிசகி வீங்கும்போது கெடுவது இது. நாம் சுளுக்கு என்பது பெரும்பாலும் இதைத்தான்.

உண்மையான நரம்பு என்பது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் மின்கம்பி. அது நசுங்கினால் வலி ஓரிடத்தில் நிற்காது. இடுப்பிலிருந்து காலுக்கோ கழுத்திலிருந்து விரலுக்கோ கோடு போட்டதுபோல் ஓடும். மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மரத்துப்போதல் ஆகியவை கூட வரும். இந்த அறிகுறிகள் இருந்தால் மட்டும் "நரம்பு" என்று சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரை முதல் இரண்டையும் பற்றியது. எடைப் பயிற்சியில் புதியவர்களைப் பெரும்பாலும் முடக்கிப் போடுவது அவைதான்.

மூன்றாவது மாதத்தில் இருக்கும் கண்டம்

சேர்ந்த முதல் ஆறு, எட்டு வாரத்தில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும். அதற்குள் சதை அவ்வளவு பெருத்திருக்காது. ஏற்கனவே இருக்கும் தசையை முழுதாக வேலைக்கு இழுக்க மூளையும் நரம்புகளும் கற்றுக்கொண்டதுதான் அந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு. அதன்பின் தசை வளரத் தொடங்கும். தசைநாண் மட்டும் பின்னாலேயே வரும். அது விறைப்பும் உறுதியும் பெற, போதுமான எடையோடு இரண்டு மூன்று மாதம் தொடர்ந்த பயிற்சி வேண்டும். பலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

ஆக, இரண்டாவது மாதத்திலிருந்து நான்காவது மாதம் வரை உங்கள் சதையால் 60 கிலோவைத் தள்ள முடியும், ஆனால் அந்தச் சதை கட்டப்பட்டிருக்கும் கயிறு இன்னும் 40 கிலோவுக்குத்தான் பழகியிருக்கும். புதியவர்கள் தோளையும் முழங்கையையும் முட்டியையும் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில். முதல் வாரம் பயந்து பயந்து செய்வதால் ஒன்றும் ஆகாது. மூன்றாவது மாதம் உடம்பு இறுகி, பனியன் கை டைட்டாகி, பக்கத்தில் நிற்பவர் "மாப்ள, இன்னொரு பிளேட்டப் போடு" என்று சொல்லும்போதுதான் ஆகிறது. அந்த நேரத்தில் மறுக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை விளக்கம்.

பாரின் எடையிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பதே தெரியாமல் அளவாகக் கூட்ட முடியாது. முழு நீள ஒலிம்பிக் பார் (பிளேட் மாட்டும் இரும்புக் கம்பி) 20 கிலோ. தெருமுனை ஜிம்களில் இருக்கும் மெல்லிய பார்கள் பாதி எடைகூட இருக்காது. வளைந்த பார் இன்னொரு எடை. எடை மெஷினில் பாரோடு ஒரு முறையும் வெறுங்கையோடு ஒரு முறையும் நின்று கழித்துப் பாருங்கள். பிளேட்டையும் அப்படியே. பழைய பிளேட்டுகளில் எழுதியிருக்கும் எடையும் உண்மை எடையும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

தொடக்க எடை: 10 முறை செய்து முடித்தபின் இன்னும் 3 முறை ஒழுங்காகச் செய்ய முடியும் என்று தோன்ற வேண்டும். அதுதான் அளவு. வாரத்துக்கு 3 நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. ஒவ்வொரு பயிற்சியும் 2 அல்லது 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 ரெப். ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு ரெப், நிறுத்தாமல் செய்யும் ரெப்புகள் சேர்ந்தது ஒரு செட். இறக்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். முதல் மாதம் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒரே நாளில் செஸ்ட்டுக்கு மட்டும் ஆறு வகைப் பயிற்சி என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை, பல வருடம் செய்தவர்களுக்கானது.

எடை கூட்டும்போது ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பல ஜிம்களில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. 80 கிலோ ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) செய்பவருக்கு அது சின்ன உயர்வு. 30 கிலோ பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) செய்பவருக்கோ ஆறில் ஒரு பங்கு. டம்பெல் இன்னும் மோசம்: 5 கிலோவிலிருந்து அடுத்தது 7.5 என்றால் பாதிக்குப் பாதி கூடிவிடுகிறது. தோளும் முழங்கையும் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. இரண்டு வழி உண்டு. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அதே எடையில் 12 ரெப்பை 15 ஆக்கி, தொடர்ந்து இரண்டு முறை மூன்று செட்டும் 15 வந்தபின் அடுத்த டம்பெல்லை எடுத்து 8 ரெப்பிலிருந்து தொடங்கலாம்.

ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எடையைக் கூட்டினால் செட்டைக் கூட்டாதீர்கள். புதுப் பயிற்சி சேர்த்தால் எடையை ஏற்றாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டால், வலி வரும்போது எதனால் வந்தது என்று மாஸ்டராலும் சொல்ல முடியாது.

விடுமுறையும் கணக்கில் வரும். பொங்கல், சித்திரைத் திருவிழா, வீட்டில் கல்யாணம் என்று ஜிம் பக்கம் போகாத நாட்கள் எல்லோருக்கும் உண்டு. ஒரு வாரம் விட்டால் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் பழைய எடையில் 70 சதவீதம். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பாதி. அழகர் ஆற்றில் இறங்கிய மறுவாரம் பழைய எடையையே போட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைவிட, குறைத்த எடையில் இரண்டு வாரம் போவது ஒன்றும் குறைச்சல் இல்லை.

சூடேற்றுதல்

மார்கழி விடியற்காலை ஐந்தரை மணிக்கு வருபவருக்கு 10 நிமிடம், மே மாத மாலையில் வருபவருக்கு 5 நிமிடம். வேகநடை, சைக்கிள், வெறும் பஸ்கி எதுவாகவும் இருக்கலாம். லேசாக வியர்க்க வேண்டும், அவ்வளவுதான். இதைவிட முக்கியமானது, செய்யப்போகும் பயிற்சியையே குறைந்த எடையில் ஏற்றிக்கொண்டு வருவது. 60 கிலோ பெஞ்ச் பிரஸ் என்றால் வெறும் பார் 20 கிலோவில் 10 ரெப், 35 கிலோவில் 6, 50 கிலோவில் 3, பிறகு 60. ஐந்தாறு நிமிட வேலை. ஜிம்மில் கூட்டம் என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் முதல் செட்டிலேயே தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள். அசையாமல் ஒரு நிமிடம் இழுத்துப்பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கனமான செட்டுக்கு முன்பு அதனால் பெரிய பயன் இல்லை.

எந்த அசைவில் எது அறுகிறது

தசை பெரும்பாலும் சுருங்கும்போது கிழிவதில்லை. சுருங்க முயலும்போதே வெளியிலிருந்து யாரோ நீட்டி இழுத்தால் கிழிகிறது. அதாவது எடையை ஏற்றும்போது உள்ளதைவிட இறக்கும்போது ஆபத்து அதிகம். கிழியும் இடமும் பெரும்பாலும் சதையும் நாணும் சேரும் எல்லைதான். பின்தொடை, முன்தொடையின் நடுத்தசை, கெண்டைச்சதை போன்ற, இரண்டு மூட்டுகளைத் தாண்டிச் செல்லும் தசைகள் இதில் அடிக்கடி மாட்டுகின்றன.

பெஞ்ச் பிரஸ்: மார்புத்தசையின் நாண் மேல்கையில் போய் ஒட்டுகிறது. பார் நெஞ்சைத் தொடும் அடிமட்டத்தில் அந்த நாண் முழுதாக நீண்டு இறுகியிருக்கும். அங்கே பாரைச் சட்டென்று விழவிட்டு நெஞ்சில் மோதித் திருப்பினால் அறுந்துபோகக்கூடும். முழங்கையைத் தோளுக்கு நேராக விரித்து வைப்பதும் சுமையைக் கூட்டும். உடம்புக்கும் மேல்கைக்கும் நடுவில் 45 முதல் 60 டிகிரி வரும்படி சற்று உள்ளே வையுங்கள். கடைசி ரெப்பில் பார் ஏற மறுக்கும்போது இடுப்பைத் தூக்கித் திருகி ஏற்றுவது வேண்டாம். பக்கத்தில் ஆள் இல்லாமல் கனமான செட் போடுவதும் வேண்டாம்.

டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிர்வது): பிடி நழுவுகிறது என்று ஒரு கையை உள்ளங்கை முன்னால் பார்க்கவும் மறு கையைப் பின்னால் பார்க்கவும் பிடிப்பார்கள். உள்ளங்கை முன்னால் பார்க்கும் அந்தக் கையில்தான் பைசெப்ஸின் (மேல்கையின் முன்பக்கத் தசை) அடிநாண், அதாவது முழங்கைப் பக்கத்து நாண், அறுகிறது. காரணம் எளிது: பாரை இழுக்கும்போது தெரியாமலே அந்த முழங்கையை லேசாக மடக்கிவிடுகிறோம். இடுப்பும் தொடையும் தூக்க வேண்டிய எடை முழுவதும் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு நாணில் வந்து நிற்கிறது. புதியவர்கள் இரண்டு உள்ளங்கையும் உடம்பைப் பார்க்கும்படி பிடித்து, கையைக் கயிறு போலத் தொங்கவிட்டு, பிடி தாங்கும் அளவுக்கே எடை போட வேண்டும்.

இளவட்டக்கல் தூக்கிப் பழகுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். வழுவழுப்பான உருண்டைக் கல்லுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, பாதி மடங்கிய கையால் வெட்டித் தூக்கினால் அந்த அடிநாண்தான் முதலில் போகும். கல்லைக் குனிந்து அணைத்து முதலில் தொடைமேல் உருட்டி உட்கார வைக்க வேண்டும். அங்கிருந்து நெஞ்சோடு கட்டிப்பிடித்து இடுப்பாலும் காலாலும் எழ வேண்டும். கைக்கு அங்கே அணைக்கும் வேலை மட்டுமே.

தை பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களை மனதில் வைத்து ஜிம்முக்கு வரும் இளைஞர்கள் உண்டு. திமிலை அணைத்துத் தொங்கும்போது தோளும் கையும் சுருங்கிப் பிடிக்கின்றன, காளை எதிர்ப்பக்கம் நீட்டி இழுக்கிறது. மேலே சொன்ன கிழிவதற்கான சூழல் அப்படியே இருக்கிறது. அந்தச் சுமைக்கு நாணைத் தயார் செய்ய நான்கு வாரம் போதவே போதாது. ஆவணி, புரட்டாசியிலேயே தொடங்கியவருக்குத்தான் பயிற்சியின் பலன் கிடைக்கும். கடைசி நான்கு நாள் கனமான புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), கர்ல் (எடையைப் பிடித்து முழங்கையை மடக்குவது) எதுவும் செய்யாமல் கையை ஓய்வில் விட வேண்டும்.

காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். அறிவிப்பு வந்த வாரமே 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கும் ஓட்டம், கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல், ஜிம்மில் லெக் என்று நான்கையும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள். தினமும் காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வேக ஓட்டம், மாலையில் ஸ்குவாட் என்றால் குதிகால் நாணுக்கும் பின்தொடைக்கும் ஓய்வே கிடையாது. ஓட்ட நாளையும் லெக் நாளையும் ஒரே நாளில் சேர்த்து, அடுத்த நாளைக் காலுக்கு முழு ஓய்வாக விடுங்கள். கயிறு வாரத்துக்கு இரண்டு நாள் போதும். சறுக்கி இறங்காமல், கால் பிடியோடு கைமாற்றி இறங்குங்கள்.

தோள்: தலைக்கு மேல் தூக்கும் பயிற்சிகளும், கழுத்துக்குப் பின்னால் பாரை இறக்குவதும் தோள்மூட்டைச் சுற்றியுள்ள சிறு தசைகளின் நாண்களைத் தேய்க்கலாம். கழுத்துக்குப் பின்னால் இறக்குவதைப் புதியவர்கள் விட்டுவிடலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை. நெஞ்சுக்கு இரண்டு செட் தள்ளினால் முதுகுக்கு இரண்டு செட்டாவது இழுங்கள்.

முழங்கை: புல்-அப்பும் கர்லும் அதிகமானால் உள்பக்க எலும்பு முனை நோகும். இறுக்கிப் பிடித்த பிடியோடு மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கும் வேலை அதிகமானால் வெளிப்பக்க முனை. பட்டறையில் சுத்தியல் பிடிப்பவர்கள், நாள் முழுக்க பைக் ஓட்டிப் பார்சல் கொடுப்பவர்கள் ஜிம்முக்கு வந்ததும் இது சீக்கிரம் வரும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலோ கீழமாசி வீதியிலோ மூட்டை சுமப்பவருக்கு அந்த வேலையே ஒரு பயிற்சிதான். அவர் வாரத்துக்கு இரண்டு நாள் ஜிம்முக்கு வந்தால் போதும்.

வலியைப் படிப்பது

மூன்று வகை வலி, மூன்று வகை நேரக்கணக்கு. மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வலி: செய்யும்போது தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் மறையும். இரண்டு தொடையும், இரண்டு கையும் ஒன்றுபோல் வலிக்கும். சதை முழுக்கப் பரவி இருக்கும், ஒரு விரலால் தொட்டுக்காட்ட முடியாது. நடந்தால், வெந்நீர் ஊற்றினால் குறையும். படி இறங்க முடியாத லெக் வலி இந்த வகைதான். பயப்படத் தேவையில்லை.

தசைக் கிழிவு: எந்த ரெப்பில் வந்தது என்று சொல்ல முடியும். ஒரு பக்கம் மட்டும். சுருக்கென்று குத்தும், அல்லது கயிறு அறுந்ததுபோல் உணர்வு வரும். ஒரு விரலால் தொட்டுக்காட்டலாம். அந்தத் தசையை நீட்டினாலும் வலிக்கும், எதிர்த்துத் தள்ளினாலும் வலிக்கும். ஓரிரு நாளில் ரத்தக்கட்டு தெரியலாம், அதுவும் காயத்துக்குக் கீழே இறங்கித் தெரியலாம்.

தசைநாண் வலி: இதுதான் ஆளை ஏமாற்றும். என்று தொடங்கியது என்றே தெரியாது. காலையில் எழுந்ததும் விறைப்பு. ஜிம்மில் முதல் செட்டில் வலிக்கும், மூன்றாவது செட்டில் காணாமல் போகும். "சூடானா சரியாயிருது மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு எடையைக் கூட்டுவோம். மறுநாள் காலை முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். சூடானதும் மறைவது குணமாவதற்கான அடையாளம் இல்லை. தசைநாண் கெடத் தொடங்கியிருப்பதன் மிகத் தெளிவான அடையாளமே அதுதான். முட்டிச்சில்லுக்குச் சற்றுக் கீழே, குதிகாலுக்கு மேலே, முழங்கை எலும்பு முனையில், தோளின் வெளிப்பக்கத்தில் என்று விரல் வைத்துக் காட்டும்படி இருக்கும். தோள் என்றால் கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது 60 முதல் 120 டிகிரி வரை வலித்து, அதைத் தாண்டினால் குறையும். அந்தப் பக்கம் படுத்தால் இரவில் எழுப்பிவிடும்.

தசைநாண் சந்தேகம் வந்தால் 24 மணி நேரச் சோதனை வையுங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 3-க்குள் இருந்து, மறுநாள் காலை விறைப்பு வழக்கத்தைவிடக் கூடாமல் இருந்தால் அந்த எடை சரி. மறுநாள் காலை கூடியிருந்தால் முந்தைய நாள் போட்ட எடை அதிகம். அப்போது முற்றிலும் நிறுத்த வேண்டாம், எடையைக் குறையுங்கள். இதை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் அந்த நோட்டு பாதி வேலையை முடித்துவிடும்.

தாமதிக்கக் கூடாதவை

"டப்" என்ற சத்தமும் உடனே பலம் இழப்பதும் சேர்ந்து வந்தால் அது நாண் அறுந்ததாக இருக்கலாம். பைசெப்ஸ் மேலே சுருண்டு பந்துபோல் ஏறி, முழங்கை மடிப்பில் ரத்தக்கட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் திருப்ப முடியாத நிலை. அக்குளின் முன்மடிப்பு மற்ற பக்கத்தைவிட மெலிந்து மறைவது. குதிகாலுக்கு மேல் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் உணர்ந்து, ஒற்றைக்காலில் நுனிவிரலில் நிற்க முடியாமல் போவது. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டவே முடியாதது. இவற்றில் எது இருந்தாலும் அன்றோ மறுநாளோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசு இராஜாஜி மருத்துவமனையில் அதற்கான பிரிவு இருக்கிறது. பைசெப்ஸ் அடிநாண் போன்றவற்றை முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் தைப்பது எளிது. அதற்குப்பின் நாண் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அறுவைச் சிகிச்சை கடினமாகும். வலி குறைந்துவிட்டது என்பதை நம்பாதீர்கள். முழுதாக அறுந்த நாண் சில நாளில் வலியை நிறுத்திவிடும்.

முதுகுவலியோடு இரண்டு காலிலும் பலவீனம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வராமை சேர்ந்தால் அன்றிரவே அவசரப் பிரிவு.

இன்னொன்று, புதியவர்களுக்கே உரியது. முதல் நாளே 300, 500 பஸ்கி என்று பந்தயம் கட்டிச் செய்த ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சதை கல்போல் வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை பெருமளவில் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரை ஜிம்மில், தண்ணீர் குடிக்காமல் செய்யும்போது இந்த ஆபத்து கூடுகிறது. அந்த மாதங்களில் பயிற்சிக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் அரை லிட்டர் தண்ணீர், முடிந்தபின் உப்புப் போட்ட நீர்மோர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள்

கிழிந்ததும் நிறுத்துங்கள், "இந்த ஒரு செட்டை முடிச்சிட்டு" என்பது வேண்டாம். கிரேப் பேண்டேஜை இறுக்காமல் சுற்றுங்கள். விரல் வெளுத்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வைத்தால் வலி தணியும். படுக்கும்போது காலையோ கையையோ தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

செய்யக் கூடாதது இதைவிட முக்கியம். எண்ணெய் தேய்த்து உருவுவதும், சுளுக்கு எடுப்பதும், வெந்நீர் ஒத்தடமும் முதல் 72 மணி நேரத்துக்கு வேண்டாம். உள்ளே கசிந்துகொண்டிருக்கும் ரத்தத்தை அவை கூட்டிவிடும். அடிபட்ட தொடைச் சதையை அழுத்தி உருவினால் அந்த ரத்தக்கட்டுக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்குவதும் உண்டு, அது மாதக்கணக்கில் முட்டியை மடக்கவிடாது. வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வருவார்கள். மூன்று நாள் கழித்துத் தேய்க்கலாம் என்று சொல்லி வைத்துவிடுங்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். இறுக்கத்தால் ரத்த ஓட்டம் நின்றால் கையே பறிபோகும். மதுவும் அந்த மூன்று நாளுக்கு ஆகாது.

டைக்லோஃபினாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போவது மிகவும் தவறான பழக்கம். வலி என்ற எச்சரிக்கையை அணைத்துவிட்டு அதே எடையைத் தூக்கச் சொல்கிறோம். வெயில் காலத்தில் உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஜிம்முக்கு வெளியே நாணை மெலிய வைப்பவை

வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாக வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகை மாத்திரைகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகச் செய்யலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்குக் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது. குதிகால் நாண்தான் அதிகம் பாதிக்கப்படும். 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். எடை தூக்குபவர் என்பதை மருத்துவரிடம் சொல்லி, வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த வாரங்களில் கனமான எடையும் குதிக்கும் பயிற்சியும் வேண்டாம், குதிகால் வலித்தால் மருந்து தந்தவரிடம் உடனே திரும்பிப் போங்கள்.

"உடம்பு ஏறும்" என்று பெயரில்லாமல் கொடுக்கும் மாத்திரையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கலாம். கன்னம் உப்பும், நாண் மெலியும். தசை வளர்க்கும் ஹார்மோன் ஊசியோ சதையை மட்டும் வேகமாக வளர்த்து நாணைப் பின்னால் விட்டுவிடும். மார்பு நாண் அறுந்து வருபவர்களிடையே அந்த ஊசி போட்டவர்கள் அடிக்கடி காணப்படுவது மருத்துவ உலகம் அறிந்தது. முழங்கை வலிக்கு மூட்டருகே போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் அற்புதமாக இருக்கும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களே நன்றாக இருக்கிறார்கள்.

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் நாண் மெதுவாகத்தான் ஆறும். அவர்கள் மேலே சொன்ன எடை உயர்வை இரண்டு மடங்கு காலத்தில் செய்ய வேண்டும். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒருவேளை உணவோடு இருப்பவர்கள், நோன்பு இருப்பவர்கள், நைட் ஷிப்டில் நான்கு மணி நேரம் மட்டும் தூங்குபவர்கள் அந்த நாட்களில் எடையைக் கூட்டாமல் இருப்பதே போதும்.

திரும்பி வருவது

தசைக் கிழிவு லேசானது என்றால் ஒன்று முதல் மூன்று வாரம், நடுத்தரம் என்றால் நான்கு முதல் எட்டு வாரம். மூன்று நாளுக்குப் பின் வலிக்காத எல்லைக்குள் அசைக்கத் தொடங்குங்கள். படுத்தே கிடந்தால் தழும்பு விறைத்துப் போகும். வலியில்லாமல் முழுதாக நீட்ட முடிந்ததும் பழைய எடையில் கால் பங்கோடு 15, 20 ரெப். பிறகு வாரத்துக்குப் பத்து சதவீதம் போலக் கூட்டலாம். காயப்பட்ட பக்கம் நல்ல பக்கத்தின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டும்வரை வேக ஓட்டமும் உச்ச எடையும் வேண்டாம். மறுபடி கிழிவது பெரும்பாலும் திரும்பிய முதல் சில வாரங்களில், அதே இடத்தில்.

தசைநாண் வேறு கணக்கு. வெறும் ஓய்வு அதைக் குணமாக்காது. ஒரு மாதம் சும்மா இருந்தால் வலி போகும், திரும்பி வந்த வாரமே எழும். அதற்கு மருந்து மெதுவான எடைதான். முதல் இரண்டு வாரம் அசையாமல் பிடித்தல்: முட்டி நாண் என்றால் லெக் எக்ஸ்டென்ஷனில் (உட்கார்ந்து முழங்காலை நீட்டி எடை தூக்கும் மெஷின்) காலைப் பாதி நீட்டி 45 வினாடி, 5 முறை, நடுவில் 2 நிமிட ஓய்வு. பிறகு வாரத்துக்கு 3 நாள், ஏற்ற 3 வினாடி, இறக்க 3 வினாடி. 15 ரெப் மட்டுமே முடியும் எடையில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை 12, 10, 8, 6 என்று ரெப்பைக் குறைத்து எடையைக் கூட்டி 12 வாரத்தை முடிக்க வேண்டும். நடுவே 24 மணி நேரச் சோதனை தொடர்ந்து நடக்கட்டும். நாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் வலி என்றால் அதை இழுத்து நீட்டும் ஸ்ட்ரெச்சிங் வலியைக் கூட்டும், விட்டுவிடுங்கள். நான்காவது வாரம் வலி குறைந்ததும் பலர் இதைக் கைவிடுகிறார்கள். பன்னிரண்டையும் முடித்து, அதன்பிறகும் வாரத்துக்கு ஒருநாள் அந்த மெதுவான மூன்று செட்டைப் பயிற்சி அட்டவணையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.